கேஸ் எங்கே போனது என்று கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனை வைக்கும்போது போகிற போக்கில் ஒன்று சொன்னாய். "ஏசியில் கூலிங்கே இல்லைம்மா, வந்து பார்த்தவர் கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார், நாளை மறுநாள் வரச் சொல்லியிருக்கிறேன்" என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. போனில் சொன்னால் பாதிதான் உன் காதில் விழும், அதனால் எழுதுகிறேன். அவர் வருவதற்குள் ஒருமுறை முழுதாகப் படித்துவிடு.

ஏசியில் இருக்கும் கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி இல்லை, பாப்பா. ஓட ஓடத் தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகும், வெளியே இருக்கும் யூனிட்டில் அந்தச் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகும், மறுபடி உள்ளே வரும். குழாயில் ஓட்டை இல்லையென்றால் பத்து வருஷம் ஓடினாலும் அளவு குறையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது. அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

நம் வீட்டு ஹால் ஏசி ஞாபகம் இருக்கிறதா? நீ ஹாஸ்டலில் இருந்த வருஷங்களில் நடந்தது, உனக்கு முழுதாகத் தெரியாது. மூன்று கோடை தொடர்ந்து ஒருவர் வந்தார், சிலிண்டரை மாட்டினார், கால் மணி நேரத்தில் கேஸ் ஏற்றிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போனார். நாங்களும் அதுதான் சர்வீஸ் என்று நம்பிக் கொடுத்தோம். நான்காவது வருஷம், கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் கம்ப்ரசர் போய்விட்டது. கேஸ் குறைந்தால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், சூடேறும். அதன் சூட்டை எடுத்துக்கொண்டு போவதும் அதே கேஸ்தான், அதுவும் குறைவு என்றால் என்ன செய்யும்? அந்தச் செலவு எங்கள் அடிமடியில் கை வைத்துவிட்டது. அப்பா ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் படுக்கையறை ஏசியிலும் கூலிங் குறைந்தபோது வேறொரு மெக்கானிக் வந்தார், வயதானவர். அவர் சிலிண்டரை எடுக்கவே இல்லை. வெளி யூனிட்டின் பக்கவாட்டில் செம்புக் குழாய் சேரும் பித்தளை நட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதைச் சுற்றி மட்டும் தூசி கறுத்து, பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்து கசியும், அதில் தூசி ஒட்டும், கசிகிற இடம் இப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்றார். துடைத்துவிட்டு சோப்பு நுரையைச் சின்ன பிரஷ்ஷால் தடவினார். என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். குண்டூசித் தலை அளவு ஒரு குமிழி மெதுவாக ஊதிப் பெருத்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று கிளம்பியது. நாங்கள் வருஷா வருஷம் கொட்டிய காசு போன வழி எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் என் கண்ணால் பார்த்தேன்.

குழாயின் வாயை வெட்டிப் புதிதாக விரித்து, நட்டை முறுக்கினார். நைட்ரஜன் ஏற்றி, இன்னும் கசிந்து மீட்டர் முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்த்தார். பிறகு வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் இழுத்தார். ஈரம் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளேயே அரிக்குமாம். கடைசியில்தான் சிலிண்டரைத் தராசில் வைத்து, யூனிட் ஸ்டிக்கரில் போட்டிருந்த எடைக்குக் கேஸ் ஏற்றினார். அரை நாள் போனது, வெறுமனே நிரப்புவதைவிடக் கூடுதலாகவும் ஆனது. ஆனால் அதற்குப் பிறகு இன்றுவரை அந்த ஏசிக்குக் கேஸ் போடவில்லை.

அதனால் உன்னிடம் வருபவரை நீ கேட்க வேண்டிய கேள்வி, "எங்கே கசிகிறது, காட்டுங்கள்" என்பதுதான். கோபமாக வேண்டாம், மரியாதையாகவே கேள். வேலை தெரிந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். ஸ்டிக்கரில் எந்தக் கேஸ் என்றும் எழுதியிருக்கும், ஆர்-32, ஆர்-410ஏ, இல்லை பழைய ஏசி என்றால் ஆர்-22. எழுதியிருப்பதைத்தான் போட வேண்டும், வேறொன்றைக் கலக்கவே கூடாது. ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்று 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி உலகம் முழுக்கக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். உன்னுடையது அதுவாக இருந்து, சூட்டை வாங்கி விடும் வளைந்த குழாய் அடுக்கான காயிலிலேயே கசிவு என்றால், அதற்கு மேலும் செலவழிப்பதைவிடப் புதிதாக வாங்குவது நல்லது என்பது என் எண்ணம். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது, குழாயில் கேஸ் இருக்கும்போது பக்கத்தில் நெருப்பைக் காட்ட விடாதே.

சரி, இவ்வளவும் கேஸ்தான் பிரச்சினை என்றால். எனக்கென்னவோ அதுவே சந்தேகமாக இருக்கிறது. அந்த வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது, ஒருமுறையாவது ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தாயா? இன்றைக்கே செய். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு முன் மூடியைத் தூக்கினால் இரண்டு வலைகள் இருக்கும், இழுத்தால் வந்துவிடும். பின்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்சு, தூசி வந்த வழியே போகும். நிழலில் நன்றாக உலர்ந்த பிறகு மாட்டு. ஓட்டம் அதிகமாக இருக்கும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். அடைத்த ஃபில்டரை மாற்றினாலே மின்சாரம் 5 முதல் 15 சதவீதம் வரை மிச்சமாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது.

காற்று சரியாகப் போகாவிட்டால் உள்ளே காயிலில் ஐஸ் பிடிக்கும், கூலிங் நின்றுவிடும். கேஸ் குறைந்தாலும் அதே ஐஸ்தான். அதனால்தான் இரண்டையும் குழப்பிக்கொள்வது இவ்வளவு சுலபம். ஐஸ் இருந்தால் குத்திச் சுரண்டாதே, ஃபேனை மட்டும் ஓடவிட்டு உருக விடு.

சர்வீஸ் என்றால் ஃபில்டரைத் தட்டிவிட்டுப் போவது இல்லை. உள் யூனிட்டில் காயிலைக் கழுவ வேண்டும், உருளை மாதிரி சுற்றும் புளோயரின் இதழ்களில் கறுப்பாக அப்பியிருப்பதை எடுக்க வேண்டும். தண்ணீர் வடியும் தட்டிலும் டிரெயின் பைப்பிலும் பாசி கட்டும், சுவரில் ஒழுகுவது பெரும்பாலும் இதனால்தான். கழுவும்போது சர்க்யூட் போர்டைப் பிளாஸ்டிக் சுற்றி மூடுகிறாரா என்று கவனி, போர்டு நனைந்து போனால் சர்வீஸ் கூலியைப் போல் பல மடங்கு செலவு. வெளி யூனிட்டின் அலுமினியத் தகடுகள் மெல்லியவை, வேகமாகத் தண்ணீர் அடித்தால் மடங்கிவிடும். மோட்டார் கிளம்பி ஓட உதவும் கெபாசிட்டரை மீட்டரில் அளந்து அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். அது சின்ன செலவு, ஆனால் பலவீனமானால் மோட்டாரையும் கம்ப்ரசரையும் இழுத்துக்கொண்டு போகும். நீ மட்டும் வெளி யூனிட்டைத் திறக்கவே திறக்காதே, கரண்டை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் தேங்கியிருப்பது ஷாக் அடிக்கலாம். எல்லாம் முடிந்ததும் உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் குளிர் காற்றுக்கும் வெப்பநிலையை அளந்து காட்டச் சொல். முழு வேகத்தில் ஓடும்போது 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் நல்லது.

கோடைக்கு முன்னால் வருஷத்துக்கு ஒருமுறை போதும். நாள் முழுக்க ஓடினாலோ தூசியான தெருவாக இருந்தாலோ இரண்டு முறை. ஆண்டு ஒப்பந்தம் போடலாமா என்று முன்பு கேட்டாயே, அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று சுத்தம் செய்யும் கூலி மட்டும், இன்னொன்று உதிரி பாகமும் சேர்ந்தது. கேஸ், போர்டு, கம்ப்ரசர் மூன்றும் அதில் அடக்கமா என்று எழுத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. ஏசியின் பில்லையும் தேடி எடு. மற்ற பாகங்களுக்கு வாரண்டி முடிந்திருந்தாலும் கம்ப்ரசருக்குப் பல நேரம் கூடுதல் வருஷங்கள் இருக்கும்.

இன்றைக்கு ஃபில்டரைக் கழுவியதும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துச் சொல். வெளி யூனிட் ஸ்டிக்கரையும் அந்தப் பித்தளை நட்டுகளையும் போட்டோ எடுத்து அனுப்பு. அவர் வந்ததும் வீடியோ காலில் கூப்பிடு. அப்பா அன்றைக்கு எங்கேயும் போகவில்லை, நானும் பக்கத்தில் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா