கயலுக்கு, அப்பத்தாவின் ஸ்கேன் பற்றி

அன்புள்ள கயல்,

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘மூளை சுருக்கம்’ என்று பார்த்ததிலிருந்து நீ சரியாகத் தூங்கவில்லை என்று அம்மா சொன்னாள். அல்சைமர் மறதி நோய்தான் என்று முடிவு கட்டிவிடாதே தாயி. 78 வயதில் ஓரளவு சுருக்கம் எல்லாருக்கும் இருக்கும்.

மதுரையில் டாக்டர் படத்தையே போட்டுக் காட்டினார். காதுக்கு நேர் உள்ளே ஹிப்போகாம்பஸ் என்று ஒரு சின்னப் பகுதி, புதிதாக நடப்பதை மனதில் பதிய வைப்பது அதுதான், அல்சைமரில் பெரும்பாலும் முதலில் தேய்வதும் அந்தப் பக்கம்தான். அப்பத்தாவுக்கு அது வயதுக்குத் தக்கபடி இருக்கிறது. ஆனால் மூளைக்குள்ளே அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். பிரஷர் பல வருஷம் இருந்து பொடி ரத்தக்குழாய்கள் கெட்டால் வருவதாம், வயதானவர்களின் மனச்சோர்வோடு இது சேர்ந்தே காணப்படுவதும் உண்டாம்.

எனக்கு அந்த மனச்சோர்வுதான் பொருந்துகிற மாதிரி இருக்கிறது. விதைப் பூண்டைத் தரம் பிரிக்க யாரையும் கிட்டே விடாத மனுஷி, தாத்தா போனபிறகு வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு எத்தனை மூட்டை போச்சு என்றுகூடக் கேட்கவில்லை. டாக்டர் தேதி கேட்டபோது தப்பாகச் சொல்லவில்லை, “தெரியலப்பா, என்னை விடுங்க” என்றுதான் சொன்னாள். மறதி நோய்க்காரர்கள் பெரும்பாலும் எதையாவது சொல்லிச் சமாளிப்பார்கள், மனம் சோர்ந்தவர்கள் முயற்சியே பண்ண மாட்டார்கள் என்றார். இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம், அதனால் 6 மாதம் கழித்து மறுபடி நினைவுச் சோதனை.

பெட் ஸ்கேனுக்குப் பணம் அனுப்புகிறேன் என்கிறாய். இப்போது வேண்டாம். அதில் அமிலாய்ட் படிவு, அதாவது அல்சைமரில் மூளையில் சேரும் ஒரு புரதம், தெரியும், சரி, ஆனால் ஒரு மறதியும் இல்லாத முதியவர்களுக்கும் அந்தப் படிவு இருக்கிறதே! ரத்தத்தில் பி12 குறைவு என்று வந்தது, அதற்கு ஊசி போடுகிறோம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். நேற்று ஒரு பூண்டைக் கையில் எடுத்து, அதன் தண்டை நசுக்கிப் பார்த்து, “ஈரம் காயாம எவன்டா கட்டுனது?” என்று என்னைத் திட்டினாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

போன் பண்ணும்போது “நான் யாருன்னு சொல்லு” என்று மட்டும் கேட்காதே. நீயே பேரைச் சொல்லிவிட்டுப் பூண்டு விலையைக் கேள். காது கொஞ்சம் மந்தம், நிதானமாகப் பேசு. காலை 10 மணிக்கு மேல் கூப்பிட்டால் வெயிலில் திண்ணையில் இருப்பாள்.

அன்புடன்,
அப்பா