மச்சானுக்கு, பால்கன் போய் வந்த கதை

அன்பின் மச்சான்,

நாங்கள் சுகம். நீயும் சுகம் என்று மாஸ்டர் சொன்னார், முழங்கால் ஒப்பரேஷன் கதையையும் அவர்தான் சொன்னார், அதை எனக்கு மறைத்ததுக்கு ஏச்சு பிறகு வரும், தப்பிவிட்டாய் என்று நினைக்காதே. வேனை எடுத்துக்கொண்டு பால்கன் பக்கம் போய்விட்டுப் போன கிழமைதான் வந்து இறங்கினோம். படங்களைக் குழுவில் போட்டேன், நீயும் வழக்கம்போலக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாய். படத்தில் வராத ஒன்று இருக்கிறது. குரல் பதிவாகச் சொல்லத் தொடங்கி அழித்துவிட்டேன், மனிசி பக்கத்தில் இருக்கும்போது அது வாயில் வராது.

நல்லதை முதலில் சொல்கிறேன். வேன் நன்றாக ஓடியது. "அகதியாய் வந்து முறிந்து வேலை செய்து வீடு வாங்கினவன், இப்ப வீட்டைப் பூட்டிப்போட்டு வேனுக்குள்ள படுக்கப் போறான்" என்று உன் அக்கா சொன்னதை மனிசி ஒவ்வொரு இரவும் படுக்கையை விரிக்கும்போது எனக்கு ஒப்புவித்தாள். கழிப்பறைப் பெட்டியைக் கழுவுவது என் பங்கு என்று முதல் நாளே தீர்ப்பாகிவிட்டது. குரோசியாவின் கரை அழகுதான், ஆனால் நினைத்த இடத்தில் நிறுத்திப் படுக்கச் சட்டம் விடாது, பிடித்தால் தண்டம், வாகனம் நிறுத்தித் தங்கும் இடங்களிலோ கோடையில் ஹொட்டல் விலை. டுப்ரொவ்னிக் போகும் வழியில், 2022இல் திறந்த பெல்யெஷாச் பாலத்தில் ஏறினோம். முன்பெல்லாம் அந்தக் கரையால் போகிறவனுக்கு நடுவில் நெயூம் என்று பொஸ்னியாவின் துண்டுக் கடற்கரை குறுக்கிடும், ஒரே நாட்டின் ஒரு பாதியிலிருந்து மற்றப் பாதிக்குப் போக இரண்டு எல்லை கடக்க வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் கடலுக்கு மேலால் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் பாலம் போட்டிருக்கிறார்கள். மொண்டெனேக்ரோவில் கொட்டோர் குடாவைச் சுற்றாமல் கமெனாரியில் பெரிப் படகில் வேனை ஏற்றினோம், தேத்தண்ணி ஆறமுன் மறுகரை.

அல்பேனியாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்ட விடு. உனக்கென்றே கட்டிய நாடு. கால் கிலோமீற்றருக்கு ஒரு 'லவாஜ்' பலகை, கார் கழுவும் இடம், வெளியில் ஒரு குழாய், பக்கத்தில் கோப்பிக் கடை. கம்யூனிஸ்ட் ஆட்சி முடியும்வரை, கிட்டத்தட்ட 1991 மட்டும், சனம் சொந்தமாகக் கார் வைத்திருக்க முடியாது. அந்தப் பழைய கணக்கை இப்போது சவர்க்கார நுரையில் தீர்க்கிறார்கள் போல. உன் ஹொண்டாவைக் கழுவிக் கழுவிப் பெயின்ற் போனதை நினைத்து நான் சிரித்த சிரிப்பில் மனிசி பயந்துவிட்டாள்.

பிறகு பங்கர்கள். நீ பார்க்க வேண்டும் மச்சான். என்வர் ஹோஜா என்ற மனுசன் 1944இலிருந்து 1985இல் சாகும்வரை ஆண்டவன், எல்லா நாடும் தன்மேல் படையெடுக்கும் என்று பயந்து, நாடு முழுக்கக் கொங்கிரீட் பங்கர் போட்டுவைத்தான், ஒன்றரை இலட்சத்துக்கு மேல் என்கிறார்கள். தோட்டத்தில், கடற்கரையில், சுடலை மதிலோரம், எங்கும் மண்ணுக்கு வெளியே சாம்பல்நிற மண்டை தெரிகிறது. ஒன்றுக்குள் ஆட்டுக்குட்டிகள் நின்றன, கோழி அடைத்த ஒன்றையும் பார்த்தேன். எந்தப் படையும் வரவில்லை. எங்கள் வளவில் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட பங்கர் முதல் மாரிக்கே இடிந்ததும், உன் அப்பு அதற்குள் கோழியை விட்டதும், பிறகு பொம்பர் வந்த அன்று கோழிகளோடு சேர்ந்து நாங்கள் எல்லோரும் இருந்ததும் நினைவு வந்தது. ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே கன நேரம் நின்றேன். "இது விடுமுறையோ, இல்லை திவசமோ" என்று கேட்டாள் மனிசி.

லொகாராக் கணவாய்க்கு அடியால் 2024இல் சுரங்கப்பாதை திறந்தாயிற்று, ஆனாலும் நான் பழைய வழியால்தான் போவேன் என்று நின்றேன். ஏறக்குறைய 1000 மீற்றர் உயரத்திலிருந்து வளைந்து வளைந்து நேரே கடலுக்குள் இறங்குகிறது, பிறேக் மணக்க மணக்க இறங்கினோம், அவள் முருகனைத் தவிர வேறு ஒருவருடனும் பேசவில்லை. பெர்மெட்டுக்குக் கிட்ட வியோசா ஆற்றுப்பக்கம் ஒரு தோட்டக்காரர் தன் காணிக்குள் நிறுத்தவிட்டார், காசு வாங்கவில்லை, காலையில் பல்லுத் தீட்டமுன் ராக்கிச் சாராயப் போத்தலோடு வந்து நின்றார். அடுத்தமுறை போனால் அங்கேதான்.

சரி, பொஸ்னியா.

அங்கே இன்னும் மார்க்கில்தான் காசு, தெரியுமா. போருக்குப் பிறகு டொச் மார்க்கோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டி அடித்த காசு, ஜேர்மனியில் மார்க் செத்தும் அங்கே அதே மதிப்பில் உயிரோடிருக்கிறது, ஒரு யூரோவுக்கு 1.95583, எங்களுக்கு மாற்றித் தந்த அதே கணக்கு. கோப்பிக்கு மார்க்கில் காசு கொடுத்தபோது பீட்சாக் கடையில் கோப்பை கழுவி வாங்கின முதல் சம்பளத்தை எண்ணினதுபோல இருந்தது. சரயேவோவில் விமான ஓடுபாதைக்கு அடியால் 1993இல் தோண்டிய சுரங்கத்தில் ஒரு துண்டை இப்போதும் திறந்து வைத்திருக்கிறார்கள், குனிந்துதான் நடக்க வேண்டும். 1425 நாள் முற்றுகையில் சாமானும் காயக்காரரும் அந்த வழியால்தான். எங்கள் போர்க்காலத்தில் கடலேரி தாண்டின கிளாலி வள்ளம் என்று மட்டும் சொல்கிறேன், மிச்சம் உனக்குத் தெரியும். மலைப்பக்கம் சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டு மிதிவெடி எச்சரிக்கை இன்னும் நிற்கிறது, அதைக் கண்ட பிறகு மனிசி தார் றோட்டை விட்டு ஓரடி இறங்கவில்லை.

சொல்ல வந்தது பிஹாச்சில் நடந்தது. ஊனா ஆறு அந்தப் பக்கம் பச்சையும் நீலமுமாய் ஓடுகிறது, இப்படி ஒரு தண்ணீரை நான் பார்த்ததில்லை. குரோசிய எல்லை கிட்ட. 2023 ஜனவரியில் குரோசியா, உள்ளுக்குள் எல்லைச் சோதனை இல்லாத செங்கன் வட்டத்துக்குள் போன பிறகு அதுதான் வெளிவேலி, அதைத் தாண்டினால் காகிதப்படி எங்கள் வீட்டு வாசல்வரை பிறகு வேலி இல்லை. கன வருசமாய் ஆப்கானிலும் சிரியாவிலும் பாகிஸ்தானிலும் இருந்து வருகிற பிள்ளைகள் வந்து தேங்குகிற இடம் அது. ஆற்றோரம் வேனை விட்டிருந்தோம், மனிசி புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். மூன்று பையன்கள் வந்து போன் சார்ஜ் பண்ணலாமா என்று கேட்டார்கள். ஒருவனுடைய சப்பாத்துக்கு நூல் இல்லை, கரண்ட் வயரால் கட்டியிருந்தான். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொடுத்தோம், காரம் தாங்காமல் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். அதில் மூத்தவன் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே வேனைப் பார்த்தான். நம்பர் தகட்டை, கூரையை, பின்பக்கத்தை. அளக்கிற பார்வை. அந்தப் பார்வை எனக்கும் உனக்கும் தெரியும். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: "பின் கதவு உள்ளே இருந்து திறக்குமா?"

திறக்கும் என்றேன். அவன் தலையை ஆட்டினான். வேறொன்றும் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிப் போய்விட்டார்கள்.

2015 ஆகஸ்டில் ஒஸ்ரியாவில் நெடுஞ்சாலையோரம் விட்டுப்போன குளிரூட்டி லொறிக்குள் 71 பேர் செத்துக் கிடந்த செய்தி வந்த இரவு, நீ எனக்குப் போன் எடுத்து ஒன்றும் பேசாமல் வைத்தாயே. அந்தக் கதவும் உள்ளே இருந்து திறக்காத கதவு. நாங்கள் அகதியாய் வந்த லொறியின் கதவும்தான். நல்லகாலம் எங்கள் லொறிக்காரன் இடைக்கிடை நிறுத்தித் திறந்தான், ஏச்சும் தண்ணீரும் தந்தான். அவன் காசுப்பேய் என்று இன்றுவரைக்கும் நாங்கள் இருவரும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அன்றிரவு அவனைப் பற்றித்தான் யோசித்தேன். ஒவ்வொருதரம் கதவைத் திறக்கும்போதும் அவனுக்கும் கை நடுங்கியிருக்கும்.

மனிசி படுக்கமுன் கதவைப் பூட்டினாயா என்று கேட்டாள். பூட்டினேன். ஏற்றினால் ஆட்கடத்தல், மறியல், வேனும் போகும். அவள் அதைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, எல்லாம் இருவருக்கும் தெரியும். வெளியே சருகு சத்தம் கேட்கும்போதெல்லாம் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு மற்றவர் நித்திரை என்று நடித்தோம்.

காலையில் எல்லையில் ஒரு இளம் பொலிஸ்காரன். மரியாதையான பெடியன், குறை சொல்ல ஒன்றுமில்லை. கடவுச்சீட்டைப் பார்த்தான், பின் கதவைத் திறக்கச் சொன்னான், உடுப்பு அலுமாரியைத் திறந்தான், கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்தான், இருக்கைப் பலகையைக் கையால் தட்டினான். அரிசி மூட்டையைக் கண்டு சிரித்தான். சிவப்புக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவன் பார்க்காத இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மச்சான். படுக்கைக்குக் கீழே, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால். சுருண்டு படுத்தால் ஒரு ஆள். மெலிந்த ஆள் என்றால் இரண்டு. வேன் வாங்கப் போன அன்று, விற்றவன் மேசையையும் அடுப்பையும் காட்டிக்கொண்டிருக்க, என் கண் இந்தக் கணக்கைத்தான் போட்டது. இதை மனிசிக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

போகலாம் என்று கை காட்டினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஏன் இப்படி வேர்க்குது, உள்ளுக்கு ஒன்றும் இல்லைத்தானே என்று கேட்டாள் அவள். அதுதான் வேர்க்குது என்று சொல்ல வாய் வந்தது, ஏசி வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ எழுது. பிள்ளைகுட்டிக்காரன், விட்டுவிடு என்று எழுதினால் உன்னோடு சண்டை பிடிப்பேன், ஏற்றியிருக்க வேண்டும் என்று எழுதினாலும் பிடிப்பேன், ஆனாலும் எழுது. அந்த லொறிக்குள் இருந்தவர்களில் இதைச் சொல்ல எனக்கு நீ மட்டும்தான் மிச்சம்.

முழங்கால் மடங்கத் தொடங்கினால் வைகாசியில் வா, அல்பேனியாத் தோட்டக்காரரிடம் போவோம். வரும்போது ரொறொன்ரோ மிளகாய்த்தூள் இரண்டு கிலோ கொண்டுவா, இங்கே விற்கிறது நிறம் மட்டும்தான் என்று மனிசி ஒரே புறுபுறுப்பு. வறுத்த தூள், பச்சைத் தூள் இல்லை.

உன்,
மச்சான்