விளையாட்டுக்குள் விளம்பரம்: இந்திய விளம்பரத் தரநிலை மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

தாராவி, மும்பை

விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பும், ஆஸ்கி என்று சுருக்கமாக அறியப்படுவதுமான இந்திய விளம்பரத் தரநிலை மன்றத்தின் தலைவருக்கும், நுகர்வோர் புகார்களை ஆராயும் குழுவின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

1985 முதல் இதே நகரத்திலிருந்து இயங்கிவரும் உங்களுக்கு, சிறுவர்கள் ஆடும் விளம்பர விளையாட்டுகளைப் பற்றிய இம்மடலைத் தமிழில் எழுதுகிறேன். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும் என்பதே காரணம். ஆங்கிலப் படியைத் தனியே அனுப்பியிருக்கிறேன்.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். அந்தேரியில் ஒரு சிறிய நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் விளம்பர விளையாட்டுகளுக்கு நிரல் எழுதியவன் நான். குளிர்பானம், நூடுல்ஸ், பற்பசை, ஸ்கூட்டர் என்று எதை விற்க வேண்டுமோ அதை ஓடிப் பிடிக்கும் பொருளாகவோ தாண்டிக் குதிக்கும் தடையாகவோ மாற்றித் தருவது எங்கள் வேலை. வாடிக்கையாளரிடம் நாங்கள் முதலில் எடுத்துக் காட்டிய கணக்கு, ஒருவர் அந்தப் பக்கத்தில் சராசரியாக எத்தனை நிமிடம் இருந்தார் என்பதுதான். தொலைக்காட்சியில் 30 வினாடிக்குப் பெரும்பணம் கொடுக்கும் நிறுவனத்திடம், ஒரு சிறுவன் அதன் சின்னத்தை நான்கைந்து நிமிடம் தன் விரலாலேயே துரத்திக்கொண்டிருந்தான் என்று சொன்னால் பேரம் அங்கேயே படிந்துவிடும்.

இந்த உத்தி புதியதன்று. அமெரிக்காவில் 1983லேயே கூல்-எய்ட் பானத்துக்காக அடாரி 2600 என்ற வீட்டு வீடியோ விளையாட்டுக் கருவியில் ஒரு விளையாட்டு வந்துவிட்டது. 2004இல் பர்கர் கிங் நிறுவனத்துக்காக ஓர் இணையதளம் உருவாக்கப்பட்டது. கோழி வேடமிட்ட ஒருவர், நாம் தட்டச்சு செய்யும் கட்டளைக்கெல்லாம் பணிந்து ஆடுவார். (எங்களில் பலருக்கு இத்தொழிலின் மீது ஆசை பிறந்ததே அதைப் பார்த்துத்தான், இன்றும் அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.) ஆனால் 2006இல் அங்குள்ள கைசர் குடும்ப அறக்கட்டளை, சிறுவர்களை ஈர்க்கும் 77 உணவு நிறுவனத் தளங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 546 விளையாட்டுகள் இருந்தன. பெரியவர்களைச் சிரிக்கவைத்த அதே உத்தி பிள்ளைகளின் தின்பண்டத்துக்கு எவ்வளவு பரவலாகப் பயன்பட்டது என்பதற்கு அந்த எண்ணே சான்று.

சில மாதங்களுக்கு முன், என் அக்காவின் ஒன்பது வயது மகன் பிஸ்கெட் உறையில் இருந்த க்யூஆர் குறியீட்டைத் தன் அம்மாவின் செல்பேசியில் காட்டி ஒரு விளையாட்டைத் திறந்தான். வானத்திலிருந்து விழும் பிஸ்கெட்டுகளை வாளியில் பிடிக்க வேண்டும். இது விளம்பரம் என்று தெரியுமா என்று கேட்டேன். "விளம்பரம்னா நடுவுல வரும் மாமா. இது கேம்" என்றான். அவன் சொன்னதில் பிழை காண முடியவில்லை. தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் விளம்பரம் எதையோ இடைமறித்துக்கொண்டுதான் வருகிறது. பிள்ளைகள் அதை அடையாளம் காண்பதும் அந்த இடைமறிப்பால்தான். இந்த விளையாட்டில் இடைமறிக்க வேறொன்றும் இல்லை, முழுவதுமே விளம்பரம். சின்னம் திரையெங்கும் பளிச்சென்று தெரியும்போது இதில் மறைப்பு எங்கே இருக்கிறது என்று தயாரிப்பாளர் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவன்தான்.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. ஒரு சத்துபானத்துக்காக நான் எழுதிய விளையாட்டில், சிறுவன் கோப்பையைப் பிடித்தவுடன் அவன் தாவும் உயரம் இரு மடங்காகும்படி ஒரு வரி எழுதினேன். "இதைக் குடித்தால் உயரத் தாவலாம்" என்று எந்த இடத்திலும் எழுதவில்லை, எவரும் சொல்லவில்லை. அதே வாசகத்தைத் தொலைக்காட்சியில் சொல்லியிருந்தால், ஆதாரம் எங்கே என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். விளையாட்டில் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. பிள்ளை நூறு முறை தன் கையால் செய்து பார்த்துத் தானே கற்றுக்கொள்கிறது. கூற்றுகளுக்கு ஆதாரம் கேட்கும் உங்கள் நெறிமுறை இணையத்துக்கும் பொருந்தும் என்பதை அறிவேன். ஆனால் விளையாட்டின் விதியும் ஒரு கூற்றுதான் என்பதை நீங்கள் வெளிப்படையாக எழுதி வைக்காத வரை, நிரல் எழுதுபவரும் அதைக் கூற்றாக எண்ண மாட்டார், புகார் செய்பவருக்கும் அதைச் சுட்டிக்காட்டத் தெரியாது.

அரசின் விதிகளிலும் இதே இடைவெளி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றைச் சிறுவர் நிகழ்ச்சிகளின் இடையிலோ சிறுவர்களுக்கென்றே உள்ள அலைவரிசையிலோ விளம்பரப்படுத்தக் கூடாது என்கின்றன. உறைக்குள்ளிருந்து திறக்கும் விளையாட்டு நிகழ்ச்சியா, அலைவரிசையா? பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளை விளம்பரப்படுத்துவதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. பள்ளியிலிருந்து வீடு திரும்பிய பிள்ளையின் கையில் இருக்கும் செல்பேசிக்கு மீட்டர் கணக்கு ஏது?

ஆகவே உங்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன். பணம் பெற்று எழுதும் சமூக ஊடகப் பிரபலங்கள் தம் பதிவில் விளம்பரம் என்று குறிக்க வேண்டும் என 2021இல் நெறி வகுத்தீர்கள். அதே அடையாளம், சிறுவர் விளையாடக்கூடிய விளம்பர விளையாட்டுகளில் தொடக்கத் திரையில் மின்னி மறையாமல், ஆட்டம் முடியும் வரை, அந்தந்த மொழியில் நிலைத்திருக்க வேண்டும். பெற்ற புள்ளிகளைச் சேமிக்க செல்பேசி எண் கேட்கும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். என் அக்கா மகன் கொடுத்தது அவன் அம்மாவின் எண். அதற்கு இன்றும் சலுகைச் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை என்று 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது; சட்டம் வற்புறுத்தும் வரை காத்திராமல் விளம்பரத் துறை தானாக முன்வரலாம்.

இவற்றைவிட அவசரமானது சான்றைக் காப்பது. எந்தப் புகாருக்கும் விளம்பரத்தின் படி ஒன்று வேண்டும் என்பது நியாயமே. விளையாட்டுக்கு எது படி? திரைப்பிடிப்பு ஒரு கணத்தைத்தான் காட்டும். நான்காம் நிலையில் நடப்பது அதை எட்டியவருக்கே தெரியும். விற்பனை இயக்கம் முடிந்ததும் தளமே காணாமல் போகும். எனவே ஒவ்வொரு விளம்பரதாரரும், எல்லா நிலைகளும் திறந்திருக்கும் ஒரு படியை, இயக்கம் முடிந்த பின்னும் ஓராண்டு வரை, நீங்கள் கேட்டால் தரும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று விதியுங்கள். தொழிலுக்கு இது பெரிய செலவன்று; நாங்கள் எப்படியும் சேமித்து வைப்பதுதான்.

நான் எழுதியவற்றில் பெரும்பாலானவை, உலாவிக்குள் விளையாட்டுகளை ஓடவைத்த ஃபிளாஷ் என்ற மென்பொருளில் ஓடியவை. 2020 டிசம்பரோடு அதற்கான ஆதரவு நின்றுவிட்டதால் இன்று வழக்கமான உலாவிகளில் அவை திறக்காது. ஆனால் என் பழைய கணினி ஒன்றில் இன்னும் ஓடுகின்றன, அந்தச் சத்துபான விளையாட்டு உட்பட. உங்கள் குழு விரும்பினால், கணினியோடு வந்து அதை உங்கள் முன் ஆடிக் காட்டவும், அந்த ஒரு வரி எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் விளம்பர விளையாட்டு நிரலர் ஒருவர்