திருநீத்துக் குடுவைக்குள்ளை 11 குளிசை

விசுவமடு

என்ரை குஞ்சுக்கு,

அம்மா எழுதுறன். இஞ்சை நாங்கள் எல்லாரும் சுகம். உன்ரை சுகத்தை அறியத்தான் இந்தக் கடிதம். போனிலை கதைச்சால் நீ "ஓமம்மா, ஓமம்மா" எண்டுபோட்டு வைச்சிடுவாய். எழுதினால் இரவிலை தனிய இருக்கேக்கை இன்னொருக்கா எடுத்து வாசிப்பாய் எண்டு நினைச்சன். மாமியின்ரை மகன் நாளைக்குக் கொழும்பு பஸ் ஏறுறான். அவன்ரை கையிலை குடுத்துவிடுறன்.

நீ பொங்கல் முடிஞ்சு போனாப்பிறகு வந்த வெள்ளிக்கிழமை சாமித்தட்டைத் துடைச்சனான். பழைய திருநீறு கட்டியாப் போச்சு, புதுசு போடுவம் எண்டு குடுவையைப் பேப்பரிலை கவிட்டன். திருநீத்தோடை உன்ரை மனநலக் குளிசையள், அந்த ரிஸ்பெரிடோன், விழுந்துது. எண்ணிப் பாத்தன். 11. நீ வீட்டிலை நிண்டது 12 இரவு. வந்த அண்டைக்கு மட்டும் என்ரை முகத்துக்கு முன்னாலை ஒண்டை விழுங்கினனீ.

உனக்குப் போன் எடுத்தவுடனை, நான் ஏசப்போறன் எண்டு நினைச்சு நீ அழத் தொடங்கிட்டாய். எனக்கு ஏச வாய் வரேல்லை. ஏனெண்டு சொல்லுறன்.

கார்த்திகையிலை நீ லீவெடுத்து வந்து நிண்டனியெல்லோ, ரிஸ்பெரிடோனை 2 மில்லிகிராமிலையிருந்து 4 ஆக்கின கையோடை. அப்ப நீ ஒரு இடத்திலை இருக்கேல்லை. சோறு தின்னேக்கையும் கால் ரெண்டும் மாறி மாறி ஆடும். கதிரையிலை இருந்தால் ரெண்டு நிமிசத்திலை எழும்பிடுவாய். மழை பெய்தால் விறாந்தை, மழை விட்டால் முத்தம். விடியப் பாத்தால் ஈர மண்ணிலை உன்ரை காலடி முருங்கை மரத்திலையிருந்து கிணத்தடி வரைக்கும் ஒரு ஒற்றையடிப் பாதை போட்டிருக்கும். அந்தக் காலடியைப் பாத்து நான் வருத்தம் திரும்பிட்டுது எண்டு நினைச்சன். "குளிசையை ஒழுங்காப் போடுறியோ இல்லையோ" எண்டு உன்னை அதட்டினன். நீ "கால் என்னை இருக்க விடுதில்லை அம்மா" எண்டு சொன்னனீ. நான் அதைக் காதிலை விழுத்தேல்லை.

போன கிழமை சின்னமாமாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனபோது உன்ரை கதையை டொக்டரிட்டைச் சொன்னன். அவர் முதல் கேட்ட கேள்வி, "குளிசை கூட்டினாப்பிறகோ இது தொடங்கினது?" எண்டு. ஓம் எண்டன். அப்ப அது வருத்தத்தாலை வந்ததாய் இராது, மருந்தாலை வந்ததாய்த்தான் இருக்கும் எண்டார். அதுக்கு அகதீசியா எண்டு பேராம். எங்கடை ஆக்கள் சொல்லுற இருப்புக் கொள்ளாமைதான். மருந்து தொடங்கி அல்லது அளவைக் கூட்டி நாள்க் கணக்கிலையோ கிழமைக் கணக்கிலையோ வரும். நடந்தால் கொஞ்சம் ஆறுதல், நிண்டால் உள்ளுக்குள்ளை பூச்சி ஊருற மாதிரி. வெளியிலை பாக்கிற ஆளுக்கு வருத்தம் கூடின மாதிரித்தான் தெரியும். அதை நம்பி மருந்தை இன்னும் கூட்டினால் அவதியும் கூடும். அது முத்தினால் செத்தாலும் பறவாயில்லை எண்ட நினைப்புக்கூட வருமாம். அதைக் கேட்டவுடனை எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. அந்த இரவுகளிலை கிணத்தடியிலை நீ என்ன நினைச்சுக்கொண்டு நிண்டனியோ.

இதுக்குப் பரிகாரம் இருக்கு பிள்ளை. அளவைக் குறைப்பினம், இல்லாட்டி வேறை மருந்துக்கு மாத்துவினம், இல்லாட்டி புரோப்ரனோலோல் மாதிரி ஒரு குளிசை சேத்துத் தருவினம். உனக்குச் சின்னனிலை முட்டு, அதுதான் ஆஸ்துமா, இருந்ததை மறக்காமல் சொல்லு, முட்டு உள்ள ஆக்களுக்கு அது குடுக்கிறேல்லையாம். நீ 11 இரவு திருநீத்துக்குள்ளை ஒளிச்சது ஒரு வசனத்திலை தீரக்கூடிய காரியம்: "கால் இருக்க விடுதில்லை." நீ அந்த வசனத்தைச் சொன்னனீதான். கேக்க வேண்டிய நான் கேக்கேல்லை.

பொங்கலுக்கு நீ ஆறுதலா இருந்து கோலம் போட்டதைப் பாத்து மருந்து பிடிச்சிட்டுது எண்டு அப்பாவுக்குச் சொல்லிச் சந்தோசப்பட்டன். நீ மருந்தை விட்டதாலை கால் ஆறியிருந்திருக்கு. அதுதான் எனக்குப் பயம். மருந்தை விட்டவுடனை உடம்பு லேசாகும், நித்திரை மயக்கம் விடும், சுகம் வந்திட்டுது எண்டு தோணும். வருத்தம் அண்டைக்கே வராது. கிழமையள் கழிச்சு, சில ஆக்களுக்கு மாசங்கள் கழிச்சு வரும். அப்ப மருந்தை விட்டதையும் வருத்தம் வந்ததையும் ஒருத்தரும் முடிச்சுப் போட்டுப் பாக்கமாட்டினம்.

சின்னமாமாவின்ரை கதையை உனக்கு முழுசாச் சொன்னதில்லை. 2003இலை, ஏ9 பாதை திறந்திருந்த காலம், அவனுக்கு முதல் முதல் வருத்தம் வந்து ஒரு ஆஸ்பத்திரியிலை ஊசி போட்டு விட்டவை. அடுத்த நாள் கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் ரெண்டும் மேலை சொருகி, நாக்கு வெளியிலை வந்திட்டுது. ஊசியாலை இப்பிடி வரும் எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அம்மம்மா பேய் எண்டு பயந்து பூசாரியிட்டைக் கொண்டு ஓடினா. வேப்பிலை அடிச்சு, நூல் கட்டி, ஒரு இரவு முழுக்கப் பெடியன் தவிச்சான். விடியக் கொண்டுபோன இடத்திலை ஒரு நேர்ஸ் மிசி கண்டவுடனை சொன்னா, இது மருந்தின்ரை இழுப்பு எண்டு. வேறை ஒரு ஊசி போட்டு அரை மணித்தியாலத்திலை கழுத்து நேராகிட்டுது. இளம் பெடியளுக்கு, மருந்து தொடங்கின முதல் நாள்களிலை, இது கூட வருமாம்.

அதுக்குப் பிறகு அவன் எந்த மருந்தையும் நம்பேல்லை. குளிசையைக் கிணத்துக்குள்ளை எறிவான். பிறகு பாதை பூட்டி, இடம்பெயர்ந்து, 2009இலை செட்டிகுளம் முகாமுக்குப் போனபோது அவனைக் கூடாரத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு நான் பட்ட பாட்டை எழுத ஏலாது. அங்கை வந்த டொக்டர்தான் மாசத்துக்கு ஒருக்காப் போடுற ஊசியைத் தொடங்கினவர். அவன் மனிசனானான்.

ஆனால் அதிலையும் ஒரு பிழை விட்டனாங்கள். 2017 போலை அவன்ரை வாய் சும்மா சும்மா ஆடத் தொடங்கினது. உதடு குவியும், நாக்கு கன்னத்துக்குள்ளை உருளும். பல்லுக் கழண்டதாலை எண்டு நினைச்சம். சனம் வெத்திலை சப்புறான் எண்டு சொல்லும். அவன் வெத்திலையே போடுறேல்லை. ரெண்டு வரியம் நாங்கள் கிளினிக்கிலை வாய் திறக்கேல்லை. அதுவும் கன காலம் மருந்து போட்டதாலை வாறதாம். வேளைக்குக் கண்டு மருந்தை மாத்தினால் குறைய இடமிருக்கு, பிந்தினால் நிண்டிடும். மருந்தை மாத்தினாப்பிறகு அவனுக்குப் பாதி குறைஞ்சிருக்கு, பாதி இருக்கு. இண்டைக்கும் திண்ணையிலை இருக்கிறான், வாய் ஆடிக்கொண்டிருக்கு. உதடோ நாக்கோ விரலோ உன்ரை சொல் கேளாமல் அசைஞ்சால் அண்டைக்கே சொல்லு. உனக்குத் தெரியாமலும் அசையும், அதாலை நான் வரேக்கை உன்ரை முகத்தை உத்துப் பாப்பன். கோவிக்காதை.

அவனுக்கு இப்ப குடுக்கிறது குளோசபின். நல்ல மருந்துதான், ஆனால் அதின்ரை காவல் வேறை. முதல் 18 கிழமையும் கிழமைக்கொருக்கா இரத்தம் குடுத்தனாங்கள். தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால் உடனை இரத்தம் பாக்க வேணும், வெள்ளைக் கலங்கள் விழுந்திருக்கும் எண்ட பயம். மலச்சிக்கலைக்கூட லேசா விடக்கூடாது. இதை ஏன் எழுதுறன் எண்டால், "மாமாவுக்குப் பிடிச்ச மருந்து எனக்கும் பிடிக்கும்" எண்டு நீயாக் கணக்குப் போடாதை. ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு காவல்.

இனி மற்ற விசயம். போனிலை நீ இறங்கின குரலிலை சொன்னனீ, நாலு மாசமா மாதச் சுகயீனம் வரேல்லை எண்டு. அம்மாவுக்குச் சொல்ல வெக்கப்பட்டு, கண்டபடி யோசிப்பா எண்டு பயந்து, தனிய வைச்சிருந்திருக்கிறாய். ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் எண்ட சுரப்பைக் கூட்டும். பிள்ளை பெறாத பொம்பிளைக்கும் மார்பிலை பால் கசியும், மாசம் நிண்டுபோகும். கன காலம் அப்பிடியே விட்டால் எலும்பும் தேயுமாம். ஒரு இரத்தப் பரிசோதனையிலை தெரியும், மருந்தை மாத்தினால் திரும்பி வரும். ஆம்பிளை டொக்டரிட்டை வாயாலை சொல்லக் கூச்சமெண்டால் ஒரு துண்டிலை எழுதி நீட்டு. நாளைக்குக் கலியாணம் எண்டு வந்தாலும், பிள்ளை வேணும் எண்டு நினைச்சாலும், முதல் டொக்டரோடை கதைச்சுத்தான் மருந்திலை கை வைக்க வேணும்.

பசி கூடிச் சட்டை இறுகுது எண்டும் சொன்னனீ. பாணும் சீனித் தேத்தண்ணியும் குறை. நிறை, இடுப்புச் சுற்றளவு, சீனி, கொழுப்பு பாக்கச் சொல்லிக் கேள். எங்கடை குடும்பத்திலை அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருக்கெண்டும் சொல்லு. விடிய எழும்பேக்கை கட்டில் விளிம்பிலை கொஞ்ச நேரம் இருந்துபோட்டு எழும்பு, தலை சுத்தி விழாமல்.

இந்த ஒண்டை மட்டும் கூடவிருக்கிற பிள்ளையளுக்கும் சொல்லி வை. கடுங்காய்ச்சல், உடம்பு மரக்கட்டை மாதிரி விறைப்பு, கொட்டுற வேர்வை, ஆள் மாறாட்டமாக் கதைக்கிறது, இது எல்லாம் சேர்ந்து வந்தால் டெங்கு எண்டு பனடோலோடை படுத்திருக்கக் கூடாது. அடுத்த குளிசையைப் போடாமல் 1990க்கு அடிச்சு அம்புலன்ஸிலை ஏறி, என்ன குளிசை போடுறாய் எண்டு காட்ட வேணும். வாறது அருமை, ஆனால் வந்தால் உயிர் ஆபத்து.

ஒரு இரவு குளிசை மறந்தால் அடுத்த நாள் ரெண்டாப் போடாதை. தடிமலுக்குப் பிரிட்டோன் போட்டால் நித்திரை இன்னும் அமத்தும். சத்திக்கு எண்டு தனியார் டிஸ்பென்சரியிலை ஊசி போடப் போனால் உன்ரை மருந்தின்ரை பேரை முதல் சொல்லு, சத்திக்குப் போடுற மெட்டோகுளோப்ரமைட்டும் இந்த விறைப்பையும் இருப்புக் கொள்ளாமையையும் கூட்டும். குளிசையின்ரை நிறம் மாறி வந்தால் பயப்படாதை, மட்டையிலை மருந்தின்ரை பேரும் மில்லிகிராமும் அதேதானோ எண்டு வாசி. 2022இலை தட்டுப்பாடு வந்தபோது மாமாவுக்குக் கடைகடையா ஏறி இறங்கினதிலை படிச்சது அது.

இப்ப நீ செய்ய வேண்டியது. எத்தினை நாள் விட்டனீ எண்டு ஒளிக்காமல் எண்ணி எழுதி வை. பயத்திலை 4 மில்லிகிராமைத் திடீரெண்டு நீயாத் திரும்பத் தொடங்காதை. எந்த அளவிலை தொடங்கிறது, எந்த மருந்திலை தொடங்கிறது எண்டு டொக்டர் சொல்லட்டும். நாளைக்கே உன்ரை கிளினிக்குக்குப் போன் எடுத்துச் சொல்லு, நாளைத் தள்ளாதை. இடையிலை நித்திரை குழம்பினால், குரலுகள் திரும்பக் கேட்டால், ஆரோ பின்னாலை வாற மாதிரி இருந்தால், இரவு எத்தினை மணியெண்டாலும் எனக்கு அடி. நான் எடுக்காட்டி 1926க்கு அடி, அது மனநலத்துக்கெண்டே இருக்கிற இலக்கம். சாவு நினைப்பு வந்தால் தனிய இராதை, பக்கத்து அறைப் பிள்ளையை எழுப்பு.

செவ்வாய் இரவு நான் கிளிநொச்சியிலை பஸ் ஏறுறன். புதன் விடிய வெள்ளவத்தையிலை இறங்குவன். கிளினிக் அறைக்குள்ளை நீ விரும்பினால் வாறன், வேண்டாமெண்டால் வாங்கிலை இருக்கிறன்.

இதோடை ஒரு கொப்பி வைச்சிருக்கிறன். முதல் பக்கத்திலை கார்த்திகை மாசத்துக் காலடிக் கதையை நானே எழுதிப்போட்டன், தேதியோடை. மிச்சத்தை நீ எழுது. உழுத்தம்மாவும் மோர்மிளகாயும் பையின்ரை அடியிலை இருக்கு. குடுவையைக் கழுவிப் புதுத் திருநீறு போட்டிருக்கிறன், அதிலையும் கொஞ்சம் மடிச்சு வைச்சிருக்கிறன்.

அம்மா