ஏழை நாடுங்களுக்கும் பேக்கப் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் வந்த ஒரு வாசகர் கடிதத்துல, ஏழை நாடுங்களுக்கு மொதல்ல சோறு, ரோடு, ஆஸ்பத்திரி, சைபர் செக்யூரிட்டி எல்லாம் அப்புறம்தான்னு எழுதியிருந்தாங்க. படிச்சதுலேர்ந்து மனசு கேக்கல. நான் சிங்கப்பூர்ல தை செங் பக்கம் ஒரு டேட்டா சென்டர்ல பதினோரு வருஷமா நைட் ஷிஃப்ட் பாக்குறேன், பேக்கப், அதாவது டேட்டாவ இன்னொரு நகல் எடுத்து வைக்கிறது, ஒழுங்கா ஓடுச்சா இல்லையான்னு பாக்குறதுதான் என் வேலை, அந்த அனுபவத்துல சொல்றேன், ஹேக்கர் மொதல்ல கை வைக்கிறதே அந்த ஆஸ்பத்திரியிலயும் வரிப்பணத்துலயும்தான்.

கோஸ்டா ரிக்காவ எடுத்துக்குங்க. மத்திய அமெரிக்காவுல இருக்குற சின்ன நாடு அது. 2022 ஏப்ரல்ல கான்டின்னு ஒரு கும்பல் நிதி அமைச்சோட சிஸ்டத்துக்குள்ள பூந்து வரி, கஸ்டம்ஸ் ரெண்டையும் முடக்கிருச்சு, மே மாசம் பதவிக்கு வந்த அதிபர் ரோட்ரிகோ சாவேஸ் வந்த கையோட அவசரநிலை அறிவிக்க வேண்டியதாப் போச்சு. அந்த மாசக் கடைசியில அரசாங்க ஆஸ்பத்திரிங்கள நடத்துற நிறுவனத்தையும் இன்னொரு கும்பல் அடிச்சுது, ஆயிரக்கணக்கான நோயாளிங்களோட அப்பாயின்ட்மென்ட் போச்சு.

பங்களாதேஷ் மத்திய வங்கி கதை இன்னும் வேதனை. 2016 பிப்ரவரியில அவங்க நியூயார்க்ல வச்சிருந்த பணத்துலேர்ந்து கிட்டத்தட்ட 951 மில்லியன் டாலர எடுக்கப் பாத்தானுங்க, 81 மில்லியன் பிலிப்பீன்ஸுக்குப் போயே போச்சு. இலங்கைக்குப் போன 20 மில்லியன் தப்பிச்சதுக்குக் காரணம் திருடனுங்க அனுப்பின உத்தரவுல இருந்த ஒரு எழுத்துப்பிழை. பணம் அனுப்புற விவரத்த அடிச்சுத் தர்ற பிரின்டர் அவனுங்க வேலையால நின்னுபோனப்ப, வழக்கமா வர்ற ரிப்பேர்தானேன்னு விட்டுட்டாங்களாம். அவங்கள குறை சொல்ல எனக்கு மனசு வரல, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு மெஷின் நின்னா எனக்கும் மொதல்ல அதான் தோணும், உடனே ஒருத்தர எழுப்பி கேளுங்கன்னு யாராவது சொல்லிக்குடுத்திருந்தாதான் போன எடுப்போம்.

நம்ம பக்கத்து நாடு இந்தோனேசியாவுல 2024 ஜூன்ல சுராபாயாவுல இருந்த அரசாங்க டேட்டா சென்டர ரேன்சம்வேர், அதாவது ஃபைல பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ், பூட்டிருச்சு, 200க்கு மேல அரசாங்க அமைப்புங்க மாட்டுச்சு, ஏர்போர்ட் இமிகிரேஷன்ல நீள கியூ, 8 மில்லியன் டாலர் கேட்டானுங்க. அங்க இருந்த டேட்டாவுல 98 சதவீதத்துக்கு பேக்கப் இல்லன்னு அவங்க அதிகாரியே சொன்னாரு. வசதி இல்லாம இல்ல, வேணும்னா எடுத்துக்கலாம்னு விட்டிருந்தாங்க, பட்ஜெட் பாத்து பல பேர் எடுக்கல. வாசகர் சொன்ன அந்த "அப்புறம்" இதுதாங்க.

பேக்கப் எடுத்தா மட்டும் போதாது. எங்க இடத்துலயே ஒரு தடவ எல்லாம் சரின்னு ஸ்க்ரீன் முழுக்க பச்சையா இருந்துச்சு, ரீஸ்டோர் பண்ணி, அதாவது நகல்லேர்ந்து திரும்ப எடுத்துப் பாத்தா பாதி ஃபைல் தொறக்கல. அன்னைக்கு வெறும் டெஸ்ட், அதனால தப்பிச்சோம்.

வசதியான நம்ம ஊர்லயே 2018ல 1.5 மில்லியன் நோயாளிங்களோட விவரம் திருடு போச்சு. ஆசியான் நாடுங்களுக்காக இங்க பயிற்சி மையம் இருக்கு, நல்லாவே நடக்குது. அதோட நம்ம ஆளுங்க அங்க நேர்ல போய், சர்வர் ரூம்ல ராத்திரி வேலை பாக்குறவங்களோட உக்காந்து ரீஸ்டோர் பண்ணிக் காட்டணும், ஹேக்கர் கை படாம நெட்வொர்க்லேர்ந்து தனியா கழட்டி வைக்கிற பேக்கப் டேப்புக்கும் கொஞ்சம் காசு குடுக்கணும். கூப்பிட்டா லீவு போட்டுட்டு வர நான் ரெடி.

இப்படிக்கு,
ஹவ்காங் வாசகர்