லார்சனுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த சுவீடன் கால்பந்து பற்றிய கட்டுரையில் இப்ராஹிமோவிச்சுக்கு இரண்டு பக்கம். தகும், நாட்டுக்காக 62 கோல் அடித்தவர். ஆனால் ஹென்ரிக் லார்சனை ‘பார்சிலோனாவின் மாற்று வீரர்’ என்று ஒரே வரியில் தாண்டிப் போனதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த மாற்று வீரர் செய்ததைச் சொல்கிறேன். 2006 மே 17, பாரிஸில், ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி ஆட்டம்; பார்சிலோனாவுக்கு எதிரணி ஆர்சனல். பத்துப் பேருடன் ஆடிய ஆர்சனல் 1-0 என முன்னிலையில் இருந்தது. 61ஆவது நிமிடத்தில் லார்சன் இறங்கினார். 76ஆவது நிமிடத்தில் சக வீரர் இனியெஸ்டா அனுப்பிய பந்தை அவர் நிறுத்தக்கூட இல்லை. லேசாகத் தட்டி, இன்னொரு சக வீரர் எட்டோ ஓடிவந்த பக்கம் திருப்பிவிட்டார். கோல். ஐந்து நிமிடம் கழித்து பெல்லெட்டிக்குப் பந்து கொடுத்ததும் அவரே. அதுவும் கோல், கோப்பை பார்சிலோனாவுக்கு. ஆட்டத்தை மாற்றியவர் பார்சிலோனாவின் நட்சத்திரம் ரொனால்டினோ அல்ல, லார்சன்தான் என்று தோற்ற அணியின் தியரி ஹென்றியே சொன்னார். அப்போது லார்சனுக்கு வயது 34.

ஸ்காட்லாந்து லீகில் யார் வேண்டுமானாலும் கோல் போடலாம் என்று உதடு பிதுக்குவோர் உண்டு. அங்குள்ள செல்டிக் அணிக்காக லார்சன் அடித்த 242 கோல்களும் அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. போகட்டும். 2003இல் செவில்லில் நடந்த யூஃபா கோப்பை (ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டி) இறுதியில், மொரின்யோ பயிற்றுவித்த போர்ட்டோ அணிக்கு எதிராக இரண்டு முறை தலையால் முட்டிக் கோல் போட்டாரே, அது எந்த லீக்? செல்டிக் 3-2 எனத் தோற்றது உண்மை. ஆனால் அந்தப் போர்ட்டோதான் மறு ஆண்டு ஐரோப்பிய சாம்பியன்.

1999 அக்டோபரில், லியோன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அத்தோடு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். எட்டு மாதத்துக்குள் யூரோ 2000இல் இத்தாலிக்கு எதிராகக் கோல்; அடுத்த சீசனில் லீகில் மட்டும் 35 கோல், ஐரோப்பிய லீகுகளின் சிறந்த கோல் வீரருக்கான தங்கக் காலணி விருது! கட்டுரையாளருக்கு இதில் ஒரு பத்தி கூடவா கிடைக்கவில்லை?

1994 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணியிலும் அவர் இருந்தார். இப்ராஹிமோவிச்சுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. சாம்பியன்ஸ் லீக் கோப்பையும்தான்.

அடுத்த முறை எழுதும்போது லார்சனின் படத்தையாவது போடுங்கள். சடைமுடி பறக்க, நாக்கை நீட்டிக்கொண்டு ஓடுவாரே, அந்தச் செல்டிக் காலத்துப் படம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்