வெந்தய முளையும் வாய்மூடிய வைரசும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. ஹாம்பர்க் குளிரில் நீ மஃப்ளரோடு தூங்குவதையும், பேத்தி உன் ஜெர்மனைத் திருத்துவதையும் படித்துச் சிரித்தேன். இங்கே எனக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நாள் முழுக்க சொட்டு மருந்துதான் வேலை. கொல்லையில் முருங்கை முறிந்து விழுந்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

சரி, உன் புகாருக்கு வருகிறேன். நீ ஆசையாக முளைகட்டிய வெந்தயத்தை மாப்பிள்ளை குப்பையில் கொட்டிவிட்டார் என்று ஒரு பக்கம் கோபித்திருக்கிறாய். 2011இல் அவர் அந்த ஊரில்தானே படித்துக்கொண்டிருந்தார்? அப்படியென்றால் அவர் மேல் தப்பில்லை. அந்த ஆண்டு மே மாதம் வடக்கு ஜெர்மனியில் இரத்தப்பேதி பரவியது. சுமார் 3,800 பேர் படுத்தார்கள். அவர்களில் 800க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. 50க்கும் அதிகமானவர்கள் இறந்துபோனார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி விழுந்தது. பாவம், அந்த விவசாயிகள் காயை விற்க முடியாமல் தவித்தார்கள். கடைசியில் பிடிபட்டது எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையில் வளர்த்த முளை. அந்தச் செய்தியைப் படித்த அன்று அடுக்களையில் ஊறிக்கொண்டிருந்த வெந்தயத்தை நானே ஒரு முறை முறைத்துப் பார்த்தேன்.

ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. நோய் தந்தது ஒரு ஈ.கோலை, குடலில் வாழும் பாக்டீரியா. சிறுநீரகத்தைக் கெடுத்த, அதன் கையில் இருந்த ஷிகா நஞ்சோ அதனுடைய சொந்தச் சொத்து இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் பேஜ் வைரஸ் ஒன்று அதன் டி.என்.ஏ.வுக்குள் தன் டி.என்.ஏ.வைச் செருகிக்கொண்டு குடியிருந்தது. நஞ்சின் மரபணு அந்தக் குடித்தனக்காரனுடையது. டிப்தீரியாவிலும் இதே கதைதான். காலராவிலும்கூட. காலரா கிருமி ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்று 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே காட்டினார். அந்த நஞ்சின் மரபணுவை ஒரு வைரஸ்தான் சுமந்து வருகிறது என்று தெரியவந்தது 1996இல்.

இவற்றை நீ 'தூங்கும் வைரஸ்' என்று எழுதியிருக்கிறாய். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்குத்தான் ஒட்டவில்லை. ஈ.கோலைக்குள் குடியிருக்கும் பேஜ், நாம் எம்.எஸ்ஸி.யில் மனப்பாடம் செய்த லாம்டாவையே எடுத்துக்கொள். உள்ளே இருக்கும் காலமெல்லாம் அது ஒரு அடக்கும் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கிறது. அந்தப் புரதம் டி.என்.ஏ. மேல் போய் உட்கார்ந்துகொண்டு, வைரஸின் மற்ற மரபணுக்களை வாய் திறக்கவிடாமல் பார்த்துக்கொள்கிறது. வெளியிலிருந்து இன்னொரு லாம்டா வந்தால் அதன் வாயையும் அடைக்கிறது. தூங்குகிறவன் இப்படி ராத்திரி பகலாகக் காவல் காப்பானா?

பாக்டீரியாவின் டி.என்.ஏ. சேதமானால் அந்தப் புரதம் தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. கப்பல் மூழ்கப் போகிறது என்று தெரிந்த எலி மாதிரி, வைரஸ் நூற்றுக்கணக்கில் பெருகி, செல்லை வெடித்துக்கொண்டு வெளியேறுகிறது. புறஊதா ஒளி பட்டால் இது நடக்கும் என்று 1950இல் பாரீசில் ஆந்த்ரே ல்வோஃபின் குழு கண்டது. ஷிகா நஞ்சும் அந்த வெடிப்போடுதான் கொட்டுகிறது. உன் அடுத்த புகாருக்கும் இதில் பதில் இருக்கிறது. பேத்திக்கு இரத்தப்பேதி என்றதும் டாக்டர் ஏன் உடனே ஆன்டிபயாடிக் எழுதவில்லை என்று பொருமியிருந்தாயே? டி.என்.ஏ.வைத் தொடும் சில ஆன்டிபயாடிக்குகள் இந்தப் பேஜை எழுப்பிவிடும். சோதனை முடிவு வரும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டிருந்தது விவரம் தெரிந்துதான்.

லாம்டா கிடைத்த கதையை வகுப்பில் யாரும் நமக்குச் சொல்லவில்லை. கே-12 என்ற ஈ.கோலை வகையை 1922இல் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தார்கள். கிட்டத்தட்ட முப்பது வருஷம் அது ஆய்வகம் ஆய்வகமாகச் சுற்றியது. உள்ளே ஒரு வைரஸ் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. வைரஸைத் தொலைத்த ஒரு கே-12 வகை தற்செயலாக ஆய்வாளர் எஸ்தர் லெடர்பெர்க்கின் வளர்ப்புத் தட்டில் பழைய கே-12ஓடு கலந்தபோது, பாக்டீரியாக் கூட்டங்கள் எலி கடித்த மாதிரி அரிபட்டுத் தெரிந்தன. அப்படித்தான் லாம்டா அகப்பட்டது. நானாக இருந்தால் 'தட்டு கெட்டுப்போச்சு' என்று கழுவி வைத்திருப்பேன்.

இந்தக் குடித்தன வைரஸ்களில் எத்தனை ரகம் என்கிறாய்! லாம்டாவின் டி.என்.ஏ. 48,502 எழுத்து. காலரா வைரஸ் சுமார் 7,000 எழுத்துள்ள நூல் போன்ற ஒன்று. அது வெளியே வந்தாலும் வீட்டை இடிப்பதில்லை. பி1 என்ற பேஜ், பாக்டீரியாவின் டி.என்.ஏ.வில் செருகிக்கொள்ளாமல் தனி வளையமாகத் திண்ணையில் தங்கும். மியூ என்ற இன்னொன்று இடம் பார்க்காமல் எங்கே வேண்டுமானாலும் குதித்து உட்காரும். ஜப்பானின் சகாய் நகரத்தில் 1996இல் பள்ளிப் பிள்ளைகளைப் படுக்கவைத்த ஈ.கோலைக்குள் மட்டும் இப்படி 18 வைரஸ்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை வெளியேற முடியாத உடைசல்கள்.

உடைசல் என்றால் குப்பை என்று நானும் நினைத்திருந்தேன். கே-12இல் அப்படி ஒன்பது கிடக்கின்றன. 2010இல் ஒரு குழு ஒன்பதையும் வெட்டி எறிந்து பார்த்தது. பாக்டீரியா மெதுவாக வளர்ந்தது, அமிலத்தையும் சில ஆன்டிபயாடிக்குகளையும் முன்போல் தாங்கவில்லை. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இன்னும் கெட்டிக்காரி. பழைய வைரஸின் வாலை மட்டும் வைத்துக்கொண்டு, அதை ஈட்டி மாதிரி பக்கத்துப் பாக்டீரியாக்களின் மேல் எறிகிறது. யார் யாரை வைத்துப் பிழைக்கிறார்கள் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

மாப்பிள்ளையிடம் சண்டை வேண்டாம். முளையை நன்றாக வேகவைத்துக் குழம்பில் போடு, அவரும் சாப்பிடுவார். தைக்கு வருகிறாய் அல்லவா? வரும்போது எனக்கு ஒரு நல்ல பூதக்கண்ணாடி வாங்கி வா. கைப்பிடியில் விளக்கு இருந்தால் நல்லது.

அன்புடன்,
ராஜு